கென்யாக்காரியின் கூடை

தொண்ணூறுகளின் நடுவில் இலங்கை மலையகத்துப் பூனாகலையில் ஒன்பதாம் வகுப்பு படித்தேன். சமூகக்கல்வி எனக்கு வேப்பங்காய். அதில் தேயிலை விளையும் நாடுகளை மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். தேயிலைக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவளுக்கு இது என்ன தண்டனை என்று எரிச்சலாக வந்தது.

அம்மாவின் கழுத்தில் தைலம் தேய்த்துக்கொண்டே ஒப்பித்தேன். தேய்ப்பது என் தினசரி மாலை வேலை. கொழுந்துக்கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டியே இருபது வருடம் மலையேறிய கழுத்து அது. தொட்டாலே பல்லைக் கடிப்பாள்.

"இந்தியா, சீனா, கென்யா, துருக்கி..."

"அங்கெல்லாமா கொழுந்து எடுக்கிறாங்க?" அம்மா நம்பவில்லை. இந்தியாவும் நாமும் போக, மிச்ச உலகம் தேத்தண்ணி குடிக்க மட்டுமே படைக்கப்பட்டது என்பது அவள் எண்ணம்.

புத்தகத்தில் இருந்த கென்யாப் படத்தை நீட்டினேன். ஒரு பெண் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். அம்மா ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். வேலை தெரிந்தவள் கண் சும்மா இருக்குமா?

"முத்தல் எலையையும் சேத்துப் புடுங்குறா. நம்ம கங்காணி பாத்தா வெரட்டிருவாரு." சட்டென்று குரல் மாறியது. "ஏம் புள்ள, இவ தலையில கயித்தையே காணோமே?"

கூடையை இரண்டு பட்டிகளால் தோள்களில் மாட்டியிருந்தாள் அந்தப் பெண். அந்தப் படத்துக்கு நான் பேனாவால் மீசைகூட வரைந்திருந்தேன். பட்டி மட்டும் என் கண்ணில் படவே இல்லை.

அன்றே அம்மா கோதுமை மாவுச் சாக்கைக் கிழித்துப் பட்டி தைத்தாள். காலையில் பெரட்டில் வேலை பிரித்துக்கொடுக்க நின்ற கங்காணி, "என்னம்மா, இஸ்கூலுக்கா கெளம்பிட்ட?" என்றாராம். பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். பட்டி நீளம். சரிவில் குனிந்ததும் கூடை புரண்டு பாதிக் கொழுந்து கொட்டிவிட்டது. கங்காணியிடம் நல்ல டோஸ். மாலையில் இதைக் கேட்டு எனக்கு அழுகை வந்தது. இனி பழைய கயிற்றுக்கே போய்விடுவாள் என்று பயந்தேன்.

அம்மா அசரவில்லை. பட்டியைச் சுருக்கினாள். மறுநாள் இடுப்பில் ஒரு கயிறு சேர்த்தாள். மூன்றாம் நாள் கொழுந்து கொட்டவில்லை.

"வலி தோளுக்கு எறங்கிருச்சு," என்று சிரித்தாள். "பரவால்ல, தோளு ரெண்டு இருக்குல்ல."

அடுத்த வாரமே பக்கத்து லயத்து வீட்டு அக்கா, தன் கழுத்து வலியைத் திட்டிக்கொண்டே மாவுச் சாக்கு கேட்டு வந்தாள். முதல் நாள் அதிகம் சிரித்தவள் அவள்தான்.

ஒரு மாதம் போயிருக்கும். பள்ளி விட்டு வரும்போது மேலே மலையில் அம்மாவின் முதுகைப் பார்த்துக் கூப்பிட்டேன். யார் கூப்பிட்டாலும் அம்மா முழு உடம்போடுதான் திரும்புவாள். அது அவளுடைய வழக்கம் என்றே இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். அன்று கைகள் கொழுந்திலேயே இருக்க, முகம் மட்டும் திரும்பி என்னைப் பார்த்தது.