கழலாத கொக்கி

டயாலிசிஸ் மையத்தை மூடப்போகிறார்களாம் என்று காய்கறிக் கடையில் யாரோ சொன்னதைக் கேட்டு வந்து பக்கத்து வீட்டு டெய்லர் சொன்னபோது, முடிச்சக்கா சிரித்துவிட்டாள். அந்த மையத்தின் இணையதளத்தைப் பார்த்துக்கொள்பவளே அவள்தான். அங்கே எட்டு வருடம் டைப்பிஸ்ட்டாக இருந்துவிட்டு, நாற்பதாவது வயதில் கம்ப்யூட்டர் கோடு எழுதக் கற்றவள். எந்தச் சிக்கலையும் நகத்தைக் கடித்தபடியே அவிழ்ப்பாள். பெயர் அப்படி வந்தது.

பத்தே நிமிடத்தில் நாத்தனார் அழைத்தாள். மையத்தில் நர்ஸ்.

"அண்ணி, காலையில மூணு பேரோட நேரத்தை மாத்தினேன். மூணு பேருக்கும் 'உங்கள் முறை ரத்து'ன்னு மெசேஜ் போயிருக்கு. அந்த மெசேஜை நிறுத்திட்டேன்னு போன வாரம் பெருமையா சொன்னீங்களே?"

"நிறுத்திட்டேனேடி!"

"நல்லா நிறுத்தினீங்க. பன்னெண்டு மணிக்கு மெஷின் மாத்துறாங்க. முப்பது பேர் நேரம் மாறும். அத்தனை பேரும் வராம போனா?"

மணி பதினொன்று நாற்பது.

மெசேஜ் அனுப்புவது யாரோ எழுதிய பிளகின், தளத்தில் செருகிய துணை நிரல். நேரம் மாறும் இடத்தில் அந்த மெசேஜைக் கொக்கி போட்டு மாட்டியிருந்தது. கொக்கியை மட்டும் கழற்ற அவள் ஒரு வரி எழுதியிருந்தாள். தன் எண்ணையே நோயாளியாகப் போட்டு நேரத்தை மாற்றினாள். போன் அதிர்ந்தது: உங்கள் முறை ரத்து.

கொக்கியின் பெயர் சரிதான். பிளகின் மாட்டுவதற்கு முன்பே தன் வரி கழற்றப் போகிறதோ? வரியைப் பின்னால் தள்ளினாள். மறுபடி அதிர்ந்தது. தப்பென்றால் கத்தவாவது செய்யலாம் இந்தக் கோடு; கல்லுளிமங்கன் மாதிரி வாயே திறக்கவில்லை. அது கத்தாததை நம்பித்தான் போன வாரம் சோதிக்காமல் மூடிவைத்தாள்.

பிளகினை வரிவரியாகப் படித்தாள். மாட்டிய வரியின் கடைசியில் இருபது என்று ஒரு வரிசை எண். அதே எண்ணைச் சொன்னால்தான் கழலும். அவள் எண்ணே போடவில்லை. போடாவிட்டால் பத்து என்று எடுத்துக்கொள்ளும். இல்லாத கொக்கியை ஒரு வாரமாகக் கழற்றிக்கொண்டிருந்திருக்கிறாள்!

இருபது போட்டாள். நேரத்தை மாற்றினாள். போன் பேசாமல் கிடந்தது. பதினொன்று ஐம்பத்தாறு.

"முடிஞ்சுதுடி. அந்த மூணு பேரு?"

"போன் போட்டுச் சொன்னேன், ரெண்டு பேர் கிளம்பிட்டாங்க. லாரி டிரைவர் தாத்தாதான் எடுக்கல. தனி ஆளு. சனிக்கிழமையும் வரல அண்ணி. இன்னைக்கும் விட்டா நெஞ்சுல தண்ணி கோத்துக்கும்."

"நம்பரையும் அட்ரஸையும் அனுப்பு."

தாத்தாவின் எண்ணுக்குப் போட்டாள்; ஒருமுறை முழுதாக அடித்து ஓய்ந்தது. செருப்பை மாட்டிக்கொண்டே மறுபடி போட்டாள். படியிறங்கும்போதும் காதில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.