எண்ணூறு சட்டையும் ஒரு காஜா மெஷினும்

வழக்கமாக இந்தப் பக்கத்தில் மலை, அருவி, நெடுந்தூர ரயில் என்று எழுதுவேன். இந்த முறை ஆதம்பாக்கத்தில் கிளம்பி ஆதம்பாக்கத்துக்கே திரும்பி வந்த ஒரு நாள் பயணம். மொத்தமே நாற்பது கிலோமீட்டருக்குள்தான். இதற்கெல்லாம் ஒரு கட்டுரையா என்று கேட்பவர்கள், ஜூன் மாத வெயிலில் துணி மூட்டையைச் சுமந்துகொண்டு தி.நகர், மயிலாப்பூர், அடையாறு என்று ஒரு சுற்று சுற்றி வந்துவிட்டுக் கேளுங்கள்.

கிளம்பக் காரணம் என் தங்கை சுமதி. வீட்டு மாடியில் ஆறு தையல் மெஷின், கூட நான்கு பெண்கள் என்று சின்னதாக ஒரு யூனிட் நடத்துகிறாள். இதுவரை ஜாக்கெட்டும் நைட்டியும்தான். இந்த வருஷம் முதன்முதலாக ஒரு பள்ளிக்கூட ஆர்டர் கிடைத்தது. அடையாறில் ஒரு பள்ளி, நானூறு பிள்ளைகள், ஆளுக்கு இரண்டு சட்டை. திங்கட்கிழமை பள்ளி திறக்கிறது. வெள்ளிக்கிழமை காலையில் காபி டம்ளரோடு என் எதிரில் வந்து நின்றாள்.

"அக்கா, இன்னைக்கு ஒரு நாள் லீவு போடேன். மூட்டை தூக்க ஆள் வேணும்."

நான் ஒரு பம்பு தொழிற்சாலையில் திட்டமிடும் பிரிவில் இருக்கிறேன். எந்த உதிரிபாகம் எப்போது வர வேண்டும், எதை முதலில் செய்ய வேண்டும் என்று நாள் முழுக்கச் சண்டை போடுவதுதான் உத்தியோகம். வீட்டில் எனக்கு 'ஷெட்யூல் அக்கா' என்று பட்டப்பெயர். அந்த அக்காவைக் கூப்பிடாமல் மூட்டை தூக்க ஆள் கேட்டதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனாலும் கிளம்பினேன்.

சட்டைகள் மயிலாப்பூரில் இருந்தன. பட்டன் நுழையும் துளையைச் சுற்றித் தைப்பதற்குக் காஜா என்று பெயர். அதற்குத் தனி மெஷின் வேண்டும். சுமதியிடம் அது இல்லை. வாங்கினாலும் வருஷத்தில் பாதி நாள் சும்மா கிடக்கும். அதனால் அவளைப் போன்ற சின்ன யூனிட்காரர்கள் பலரும் மயிலாப்பூரில் காதர் பாயிடம்தான் கொடுக்கிறார்கள். காஜா போட்டு, பட்டனும் வைத்துத் தருவார். முந்தின நாள் அவர் போன் செய்து பட்டன் தீர்ந்துவிட்டது என்று சொல்லியிருந்தார். ஆகவே முதல் நிறுத்தம் தி.நகர்.

பரங்கிமலை ஸ்டேஷனுக்கு ஷேர் ஆட்டோ, அங்கிருந்து மாம்பலத்துக்கு மின்சார ரயில். டிக்கெட் ஐந்து ரூபாய், கால் மணி நேரம். ஒன்பதரைக்கு ரங்கநாதன் தெருவில் இருந்தோம். அந்த நேரத்தில் அந்தத் தெருவில் நிம்மதியாக நடக்கலாம், பதினொரு மணிக்கு மேல் போனால் கூட்டமே உங்களை நடத்திக்கொண்டு போய்விடும். பட்டன் கடை ஒரு கிளைச் சந்தில், குறுகலான படியேறினால் முதல் மாடியில் இருக்கிறது. கடைக்காரர் இரண்டு பாக்கெட்டுகளை எடுத்து வைத்தார். எனக்கு இரண்டும் வெள்ளைதான். சுமதி இரண்டிலும் ஒவ்வொன்றை எடுத்துக்கொண்டு தெருவுக்கு இறங்கிப் போய் வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டு வந்தாள்.

"இது ஒரு பொடி மஞ்சளா இருக்கு. ஒரே சட்டையில ரெண்டு வெள்ளை இருந்தா அம்மாங்க உடனே கண்டுபிடிச்சிடுவாங்க."

எங்கள் தொழிற்சாலையில் ஒரு வாஷர் வராமல் அரை நாள் முழு வரிசையும் நின்றது ஞாபகம் வந்தது. பெரிய மோட்டார் வந்து சேர்ந்ததா என்று எல்லோரும் கேட்பார்கள். நகத்தளவு சாமானைக் கேட்க யாருக்கும் தோன்றாது.

உஸ்மான் சாலையில் பஸ் பிடித்தோம். சாதாரணப் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, ஆனால் அது வரும்வரை காத்திருக்கும் பொறுமை வேண்டும். லஸ் பக்கம் மெட்ரோ வேலைக்காகப் பாதி ரோட்டை அடைத்திருப்பதால் ஐந்து கிலோமீட்டருக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. இறங்கி கச்சேரி ரோட்டில் நடந்து, பக்கத்துச் சந்து ஒன்றில் திரும்பினால் காதர் பாயின் கடை. கடை என்பது ஒரு அறை. ஒரு காஜா மெஷின், பக்கத்தில் பட்டன் வைக்கும் மெஷின், மீதி இடம் முழுக்க மூட்டைகள். ஒவ்வொரு மூட்டையிலும் யாரோ ஒருவரின் திங்கட்கிழமை கட்டிக் கிடந்தது. சரிபாதி மூட்டைகளில் 'அர்ஜென்ட்' என்று எழுதியிருந்தது.

"வாம்மா. பாதிக்கு மேல முடிச்சி வெச்சுக்கிறேன், பாரு" என்றார் பாய். அறுபதை நெருங்குகிற மனிதர், மெஷினிலிருந்து கண்ணை எடுக்காமலே பேசுவார்.

உண்மைதான். எண்ணூறில் ஐந்நூறு தயாராக அடுக்கியிருந்தது. சுமதி முகத்தில் நாலு நாளாக இல்லாத சிரிப்பு. எனக்கும் சந்தோஷம். அடியில் இன்னும் தொடாத கட்டுகளைப் பார்த்தேன், பெரிய அளவுகள். சரி, அதுவும் ஆகிவிடும் என்று நினைத்தேன். முடிந்தவற்றில் இரண்டு மூட்டைகளை உடனே பள்ளியில் இறக்கிவிட்டால் அவர்களுக்கும் நம்பிக்கை வரும் என்று யோசனை சொன்னதும் நான்தான்.

அடையாறுக்கு ஆட்டோ. இருநூறு கேட்டார், நூற்றறுபதுக்கு வந்தார்.

"இன்னாமா, துணிக்கடையவே ஏத்திக்கினு வரீங்க" என்றார் டிரைவர். மந்தைவெளி, ராஜா அண்ணாமலைபுரம் வழியாக அடையாறு பாலம் ஏறும்போது நல்ல காற்று. இந்தப் பயணத்தில் வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தது அந்த ஒரு கால் மணி நேரம்தான்.

பள்ளி ஸ்டோர் பொறுப்பாளர் தன்மையான மனிதர். எங்களை உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். மூட்டையைப் பிரித்து நாலைந்து சட்டைகளின் காலரைத் திருப்பிப் பார்த்தார்.

"தையல் நல்லா இருக்கு மேடம். ஆனா இதெல்லாம் ஒண்ணாவது, ரெண்டாவது சைஸ். பத்தாவது, பன்னிரண்டாவது எங்கே?"

"காஜாவுல இருக்கு சார்."

"திங்கட்கிழமை வர்றது அவங்க மட்டும்தான். சின்னப் பசங்களுக்கு அடுத்த வாரம். ஆர்டர் கொடுக்கும்போதே சொன்னேனே."

சொல்லியிருந்தார். துணி, காலர், சட்டைப் பையில் வைக்கும் சின்னம் என்று நூறு விஷயங்களுக்கு நடுவில் அதையும் சொல்லியிருந்தார். சுமதி கையிலிருந்த கைக்குட்டையை மடித்துக்கொண்டே இருந்தாள்.

"நாளைக்குச் சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் ஸ்டோர் திறந்திருக்கும். பெரிய பசங்க எல்லாருக்கும் அதுக்குள்ள வரலேன்னா பழைய சப்ளையர்கிட்ட சொல்லிடுவேன் மேடம். அப்புறம் மீதி வேலையும் அவர்கிட்டயே போயிடும். தப்பா நினைக்காதீங்க, திங்கட்கிழமை காலையில பதில் சொல்ல வேண்டியவன் நான்."

தப்பாக நினைக்க ஒன்றுமில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்வேன். வெளியே வந்து நடைபாதையில் நின்றபோதுதான் சுமதிக்குக் கண் கலங்கியது. இந்த ஆர்டர் நிலைத்தால் வருஷம் முழுக்கப் பள்ளி வேலை வரும். போய்விட்டால் மாடியிலிருக்கும் நான்கு பெண்களில் இரண்டு பேரை நிறுத்த வேண்டியிருக்கும். அது அவளுக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும்.

எப்படி இந்தத் தப்பு நடந்தது என்று ஆட்டோவில் யோசித்துக்கொண்டே வந்தேன். சின்னச் சட்டை சீக்கிரம் தைத்துவிடலாம். சாயங்காலம் எண்ணிப் பார்த்தால் எண்ணிக்கை அழகாக இருக்கும். மாடியில் அப்படித்தான் ஆரம்பித்தார்கள், பாயும் அப்படியே தொடர்ந்தார். சோம்பேறித்தனம் என்று யாரையும் சொல்ல முடியாது, எல்லோரும் உயிரைக் கொடுத்து உழைத்திருக்கிறார்கள். எங்கள் தொழிற்சாலையிலும் இந்த வியாதி உண்டு. மாதக் கடைசியில் சுலபமான பம்புகளாகச் செய்து தள்ளிக் கணக்கை அழகுபடுத்துவோம். வாடிக்கையாளர் கேட்ட பம்பு மட்டும் அதில் இருக்காது.

ஒன்றரை மணிக்கு மயிலாப்பூர் திரும்பினோம். கடை பூட்டியிருந்தது. வெள்ளிக்கிழமை. பாய் தொழுகைக்குப் போயிருந்தார், இரண்டரைக்குத்தான் திறப்பார். படியில் ஏற்கெனவே ஒரு பெண் மூட்டையை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெயர் ஸ்டெல்லா, பட்டினப்பாக்கம். வீட்டில் கடலுக்குப் போகிறவர்கள், இவர் மட்டும் தையல். சாந்தோம் பக்கம் ஒரு பள்ளிக்கு நூற்றெண்பது சட்டை தைத்திருக்கிறார். முந்தின நாள் எங்கள் பட்டன் தீர்ந்ததும் பாய் வரிசையில் அடுத்த இடத்தை அவருடைய சட்டைகளுக்குக் கொடுத்துவிட்டாராம்.

சுமதி அவரிடம் கெஞ்சிப் பார்த்தாள். "எங்களுத முதல்ல போட விடுங்கக்கா. ரொம்ப அர்ஜென்ட்டு."

"உனுக்கு அர்ஜென்ட்டுன்னா, நான் மட்டும் வெயில் காயவா இங்க குந்திக்கினு கீறேன்? எனுக்கும் திங்கக்கிழமதாம்மா."

லஸ் முனையில் மூன்று சாம்பார் சாதப் பொட்டலம் வாங்கி வந்தேன். ஸ்டெல்லா முதலில் வேண்டாம் என்றார், பிறகு வாங்கிக்கொண்டார். சுமதி பிரிக்கவே இல்லை.

பாய் வந்து கதவைத் திறந்ததும் நான் கேட்டேன், "நாளைக்கு மத்தியானம் மூணு மணி வரைக்கும் எவ்ளோ போட முடியும் பாய்?"

அவர் மெஷினைத் தட்டினார். "இது மல்லுக்கு நிக்காம ஓடுச்சுன்னா முந்நூறு. அதுக்கு மேல அல்லாவே வந்து கேட்டாலும் ஆவாது."

ஸ்டெல்லாவுடையது நூற்றெண்பது. மீதி நூற்றிருபதுக்குத்தான் இடம். எங்கள் பத்தாவது, பன்னிரண்டாவது பிள்ளைகள் நூற்றிருபது பேர், ஆளுக்கு இரண்டென்றால் இருநூற்று நாற்பது. எந்த வழியில் கணக்குப் போட்டாலும் பாதிதான் வரும். ஸ்டெல்லாவின் மூட்டையைத் தள்ளினால் மட்டுமே எங்களுடையது நுழையும். பாயிடம் நாலு வருஷப் பழக்கம் என்று சொல்லிப் பேசிப் பார்க்கலாமா என்றுகூட எனக்குத் தோன்றியது. ஸ்டெல்லா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குள் சுமதி தரையில் உட்கார்ந்து பெரிய அளவுக் கட்டுகளைத் தன் பக்கம் இழுத்திருந்தாள். ஒரு பிள்ளையின் இரண்டு சட்டைகளையும் சேர்த்து, பெயர்ச் சீட்டு வைத்து, நாடாவால் கட்டியிருந்தார்கள். அவள் ஒவ்வொரு நாடாவாக அவிழ்க்க ஆரம்பித்தாள்.

"என்னடி பண்றே?"

"திங்கக்கிழமை ஒரு பொண்ணு ரெண்டு சட்டை போட்டுக்கிட்டா வரப்போறா? ஒண்ணு போதும்ல."

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது எனக்கு. உடனே பள்ளிக்குப் போன் செய்தோம். பொறுப்பாளர் சற்று யோசித்தார். "எல்லாருக்கும் இருக்கணும் மேடம். ஒருத்தருக்கு இருந்து ஒருத்தருக்கு இல்லேன்னா பெத்தவங்க சண்டைக்கு வந்துடுவாங்க. எல்லாருக்கும் ஒண்ணுன்னா சரி. ரெண்டாவதை அடுத்த வெள்ளிக்கிழமைக்குள்ள கொடுத்துடுங்க."

ஸ்டெல்லாவும் எழுந்து வந்து நாடா அவிழ்த்தார். அவர் சட்டை போய்க்கொண்டிருக்கும்போதே எங்களுடையதை அளவு வாரியாக அடுக்கி, மெஷின் ஒரு நிமிஷமும் சும்மா நிற்காதபடி பார்த்துக்கொண்டோம். என் உத்தியோகத்தில் கற்ற வேலை அங்கே உதவியது. சனிக்கிழமை நாலே முக்காலுக்கு அடையாறில் நூற்றிருபது சட்டைகளை எண்ணிக் கொடுத்தோம். பொறுப்பாளர் பழைய சப்ளையருக்குப் போன் செய்யவில்லை.

இந்த வழியில் போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். தி.நகரைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். கச்சேரி ரோடு பக்கம் வெள்ளிக்கிழமை பன்னிரண்டரையிலிருந்து இரண்டரை வரை எந்த வேலையையும் வைத்துக்கொள்ளாதீர்கள். திரும்புவதற்குத் திருமயிலை ஸ்டேஷனிலிருந்து வேளச்சேரிக்குப் பறக்கும் ரயில் இருக்கிறது, பத்து ரூபாய்க்குள் முடிந்துவிடும், சாயங்காலத்தில் ஜன்னல் பக்கம் இடமும் கிடைக்கும். வேலை கொடுத்திருக்கிறவர்கள், எத்தனை முடிந்தது என்று கேட்பதற்கு முன்னால் யாருடையது முடிந்தது என்று கேளுங்கள்.

திங்கட்கிழமை காலை அலுவலகத்துக்குத் தாமதமாக வருகிறேன் என்று சொல்லிவிட்டு நானும் சுமதியும் மறுபடி அடையாறு போனோம். பள்ளி வாசலுக்கு எதிரே டீக்கடையில் நின்றோம். புதுச் சட்டையின் மடிப்புக் கலையாமல் பெரிய பிள்ளைகள் வரிசையாக உள்ளே போனார்கள். சுமதி வாய்க்குள் எண்ணிக்கொண்டே இருந்தாள். சட்டென்று நிறுத்தினாள்.

கேட்டுக்கு வெளியே ஒரு பெண் தனியாக நின்றிருந்தாள். வேறு ஏதோ பள்ளியின் பச்சைச் சீருடை, நன்றாகத் துவைத்துத் தேய்த்தது. உள்ளே போகிறவர்களைப் பார்ப்பதும் தன் சட்டையைப் பார்ப்பதுமாக இருந்தாள். சுமதி ரோட்டைத் தாண்டிப் போய் அவளிடம் பேசினாள். அன்றைக்குத்தான் பத்தாவதில் சேர்கிறாளாம். அளவு எடுத்த நாளில் அவள் இந்தப் பள்ளியிலேயே இல்லை. சுமதி அவள் தோளில் கை வைத்து வாசல்வரை கூடவே நடந்தாள். நூற்றிருபதும் சரியாக இருந்த எங்கள் கணக்கில் அந்தப் பெண் எங்குமே இல்லை.

திரும்பும்போது பஸ்ஸில் நான் வழக்கம்போல ஆரம்பித்தேன். மீதிச் சட்டைகளை இந்தத் தடவையாவது ஒழுங்காகத் திட்டம் போட்டுச் செய்ய வேண்டும், எந்தச் சைஸிலிருந்து ஆரம்பிப்பது என்று கேட்டேன்.

"முப்பத்தாறு" என்றாள் சுமதி. "தோள் பதினாலரை. கை கொஞ்சம் நீளம்."