பூட்டிய கேட்டுக்குப் பதினான்கு டிக்கெட்

திண்டிவனம் பக்கம் ஒரு பன்னாட்டு விதை ஆய்வு மையம் இருப்பதே எனக்குத் தெரியாது. அதற்கு நம் அரசு செய்துகொடுத்த வசதிகளின் பட்டியலை ஒருநாள் படித்தேன்: ஒரு ரூபாய் குத்தகையில் நிலம், கட்டடம், தடையில்லா மின்சாரம், வரியில்லாத கார்கள், கேட் வரை தார்ச்சாலை, போதாததற்கு ஒரு டவுன் பஸ். புது மாப்பிள்ளைக்குக்கூட இவ்வளவு செய்யமாட்டார்கள். பார்த்தே தீருவது என்று மின்னஞ்சலில் அனுமதி வாங்கி, போன செவ்வாய்க்கிழமை கிளம்பினேன்.

விழுப்புரத்தில் காலை 7.50-க்குப் பஸ். திண்டிவனம் முப்பத்தெட்டு கிலோமீட்டர், ஒரு மணி நேரம். அங்கே இரண்டு இட்லி, ஒரு வடை, முப்பது ரூபாய். சாம்பாரைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. 9.40-க்கு மையத்துக்கு டவுன் பஸ். எனக்குப் பன்னிரண்டு ரூபாய், பெண்களுக்கு இலவசம்.

பஸ்ஸில் என்னைத் தவிர பதின்மூன்று பேர். எல்லாரும் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விற்றுவிட்டுக் காலிச் சாக்கோடு திரும்பும் பெண்கள். எல்லாருமே 'கேட்' என்றுதான் டிக்கெட் வாங்கினார்கள். விதை ஆராய்ச்சியில் இவ்வளவு ஆர்வமா என்று நெகிழ்ந்துபோனேன். பக்கத்து சீட் கஸ்தூரி அக்காதான் விளக்கினார். அவர்கள் ஊர் கேட்டைத் தாண்டி மூன்று கிலோமீட்டர், பஸ் அதுவரை போகும். ஆனால் பஸ் விட்டது மையத்துக்காக. மையத்துக்காரர்களோ காரில் வருகிறார்கள். கேட்டில் ஆள் இறங்காவிட்டால் பஸ்ஸை நிறுத்திவிடுவார்களாம்.

"இது நின்னுபோச்சுனா எம் பொண்ணு காலேஜும் நின்னுடும்ங்க. அதான் தெனம் கேட்டுல எறங்கி, கொழாயில தண்ணி குடிச்சிட்டு, வளைவுல போய் இதே பஸ்ஸுல ஏறிக்கினு போறோம்."

அன்றைக்கென்று பார்த்து, கேட்டில் டெப்போ அதிகாரி ஒருவர் நோட்டோடு நின்றார். கேட்டில் பெரிய பூட்டு. தலைமையகம் இருக்கும் நாட்டில் ஏதோ பண்டிகையாம், அதனால் இங்கே விடுமுறை. எனக்கு எரிச்சலான எரிச்சல்.

"ஆபீசே லீவு. இத்தினி பேரு இங்க இன்னா பண்ணப்போறீங்க?" என்றார் அதிகாரி.

கஸ்தூரி அக்காவின் முகம் வெளிறிவிட்டது. எனக்கு மனசு கேட்கவில்லை. அனுமதிக் கடிதத்தைக் கைப்பேசியில் எடுத்து நீட்டினேன்.

"மையத்தைப் பாக்க வந்தோம் சார். எல்லாரும் என்கூட வந்தவங்க."

கடிதத்தில் 'ஒருவர்' என்றுதான் இருந்தது. அவர் முத்திரையை மட்டும் பார்த்தார். பிறகு சாக்குகளைப் பார்த்தார். 'பார்வையாளர் குழு, 14 பேர்' என்று எழுதிக்கொண்டு பைக்கில் போய்விட்டார்.

வளைவில் பஸ் காத்திருந்தது. கஸ்தூரி அக்கா மடியில் மிச்சமிருந்த மல்லாட்டையை என் கை நிறையக் கொடுத்து, நாளைக்கும் வர முடியுமா என்று கேட்டார்.

போக நினைப்பவர்களுக்கு: தண்ணீர் பாட்டில் தேவையில்லை, கேட்டில் குழாய் உண்டு. மையம் திறந்திருக்குமா என்று விசாரிக்கவும் வேண்டாம். எந்த ஊருக்குப் போவதானாலும் 'கேட்' என்றே டிக்கெட் வாங்கி, தவறாமல் இறங்குங்கள். பஸ் வளைவில் நிற்கும்.