தானாக விழுந்த கொம்பு

“எல்க் மானுக்கு வருஷாவருஷம் கொம்பு தானாவே விழுந்துடும். மொன்டானாவுக்கு டிரைவ் பண்ணித் தேடலாம், வர்றியா?” என்று தன் பிளசன்டன் நகர வீட்டில் மேப்பை விரித்தபடி நண்பன் அன்வர் கேட்டான்.

‘தானாவே’ என்ற சொல் என்னைக் கூடலூருக்கு இழுத்துப் போனது. சிறுவயதில் ஒருநாள் மாமா சாக்கில் சுற்றி ஒரு மான்கொம்பைக் கொண்டுவந்தார். அழுகல் வாடை வீடெங்கும் பரவியது.

“காட்டுல தானா விழுந்து கிடந்துச்சுக்கா” என்றார்.

அம்மா அதன் அடியைத் திருப்பிப் பார்த்தாள். மண்டையோட்டுத் துண்டு ஒட்டியிருந்தது.

“தானா விழுந்தா எலும்பு எப்படிடா கூட வரும்? போன வாரம் ஆட்டுக்கறின்னு குடுத்தியே, அது என்ன கறி?”

நாங்கள் அதை ருசித்துச் சாப்பிட்டிருந்தோம். அதன்பின் அம்மா அவர் கையால் எதையும் வாங்கவில்லை.

அன்வரிடம், “வரேன். ஆனா அடியை நான் பார்த்த பிறகுதான் எந்தக் கொம்பையும் கார்ல ஏத்தணும்” என்றேன்.