வரப்பில் கிடந்த ஆறு ஜோடிச் செருப்பு

எனக்கு வயது எழுபத்தெட்டு. பெற்றது நான்கு, வளர்த்தது ஆறு. மிச்சம் இரண்டும் என் மச்சாண்டாருடைய பிள்ளைகள். மச்சாண்டார் என்றால் என் வீட்டுக்காரரின் அண்ணன். அந்தப் பிள்ளைகளின் அம்மா காய்ச்சலில் போய்ச் சேர்ந்தபோது மூத்தவனுக்கு ஐந்து வயது, இளையவளுக்கு மூன்று. ஆறு தலைக்கும் எண்ணெய் வைத்தது இந்தக் கைதான். படிப்பு எனக்கு இரண்டாம் வகுப்போடு சரி. பஸ் போர்டில் கரூர் என்று எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் பஸ் போய்விடும். அதனால் நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவள் என் பேத்தி, அந்த இளையவளின் மகள்.

நேற்றுச் சாயங்காலம் அவள் டிவியில் ஒரு தொடர் போட்டாள். ஊரையே மிரட்டுகிற ஒரு தலைவன். அவனுக்கு ஒரு கூட்டம், கருப்புக் கார்கள், கூடவே பெரிய குடும்பம். நேற்று வந்த பகுதியில் அவன் தன் தம்பியைக் கூப்பிட்டு, ஒரே ஒரு தடவை வண்டியில் கூட வந்தால் போதும் என்கிறான். தம்பியின் பெண்டாட்டி குழம்புக் கரண்டியோடு கதவோரம் நிற்கிறாள். ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை.

"வாயத் தொறந்து பேசு புள்ள! கரண்டி என்னத்துக்குக் கையில?" என்று டிவியைப் பார்த்துச் சத்தம் போட்டேன்.

பேத்தி சிரித்தாள். "ஏன் அம்மிச்சி கத்தறீங்க? அவளுக்குக் கேக்கவா போவுது? இந்த மாதிரிக் குடும்பமெல்லாம் டிவிலதான் இருக்கும்."

"அத அமத்திப்போட்டு நோட்ட எடுத்துட்டு வா சாமி" என்றேன்.

அந்தக் கதவோரம் நான் நின்ற இடம். எங்கள் பக்கத்தில் அப்போதெல்லாம் மச்சாண்டார் எதிரில் தம்பி பெண்டாட்டி நிற்கக் கூடாது, நேராகப் பேசக் கூடாது. அவர் வருகிற சத்தம் கேட்டால் கதவுக்குப் பின்னால் போய்விட வேண்டும். சோறு வேண்டுமா என்று கேட்பதற்குக்கூடக் குழந்தையிடம் சொல்லி அனுப்ப வேண்டும். பதினோரு வருசம் அவர் முகத்தை நான் சரியாகப் பார்த்ததில்லை. அவருக்கும் என் குரல் தெரியாது. வீட்டுக்கு வீடு நடுவே ஒரு வேலிதான்.

அவர் செய்த தொழில் சாராயம். காய்ச்சுகிற ஆள், லாரி டியூப்பில் நிரப்புகிற ஆள், ஊர் ஊராகக் கொண்டுபோகிற ஆள் என்று ஒரு படையே இருந்தது. அவர் பேரைச் சொன்னால் சந்தையில் வழி விடுவார்கள். ஆனால் திருவிழாவுக்கு ஆறு பிள்ளைகளுக்கும் ஒரே துணியில் சட்டை தைத்து வருவார். அந்த மனுசனைக் கெட்டவர் என்று ஒரே சொல்லில் சொல்ல எனக்கு இன்றும் வரவில்லை.

கரூருக்குப் பக்கத்து வேலூரில், வாய்க்கால் ஓரத்தில் எங்களுக்கு வெற்றிலைக் கொடிக்கால் இருந்தது. அகத்தி நிழலும் ஈர மண்ணும் வெற்றிலைக் காரமும் சேர்ந்து அங்கே ஒரு வாசம் வரும். கொடிக்கால் சாமி இருக்கிற இடம். யாராக இருந்தாலும் செருப்பை வரப்பில் விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

ஒரு சித்திரை மாதம் சோற்றுக்கூடையோடு போகிறேன். வரப்பில் ஆறு ஜோடிச் செருப்பு. உள்ளேயிருந்து வெற்றிலை வாசம் வரவில்லை, வேறு வாசம் வந்தது. சாராய டியூப்புகளைக் கொடிகளுக்கு நடுவே சேற்றில் புதைத்துக்கொண்டிருக்கிறார்கள். போலீசுக்கு அஞ்சினவர்கள் கொடிக்காலுக்கும் அஞ்சி வெறுங்காலோடு இறங்கியிருந்தார்கள். கடைசிச் செருப்பின் வார் அறுந்து, அதில் ஒரு ஊக்கு குத்தியிருந்தது. அதைக் காலையில் குத்திக் கொடுத்தவள் நான்.

என் வீட்டுக்காரர் உள்ளே இருக்கிறார். பிடிபட்டால் அவரைத்தான் முதலில் கொண்டுபோவார்கள், கொடிக்கால் அவர் பேரில்தானே இருக்கிறது. இடுப்பில் கைக்குழந்தை. எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. சோற்றுத் தூக்கை வரப்பில் வைத்தேன், ஆறு ஜோடியையும் கூடையில் அள்ளிப் போட்டேன், நேரே மச்சாண்டார் வீட்டுக்கு நடந்தேன்.

வேப்ப மரத்தடிக் கட்டிலில் அவர் உட்கார்ந்திருந்தார், கூட இரண்டு பேர். கூடையை அவர் காலடியில் கவிழ்த்தேன்.

"ஏனுங்க, கொடிக்காலுக்குள்ள செருப்புப் போவக் கூடாதுன்னு உங்க ஆளுங்களுக்குத் தெரியுதுங்க. சாராயம் மட்டும் போவலாமுங்களா?"

"அட, தம்பி பொண்டாட்டிக்கு வாயிருக்குதப்போய்!" என்று ஒருவன் சிரித்தான். மச்சாண்டார் திரும்பிய திருப்பில் அவன் வாய் மூடியது.

அவர் என்னைப் பார்க்கவில்லை, செருப்பைத்தான் பார்த்தார். ஊக்குக் குத்தியது தம்பியுடையது என்று கண்டுகொண்டார். "ஒரு தடவ ஒத்தாசைக்கு வாடான்னுதான் கூப்பிட்டேன்" என்றார்.

"அவரு செயிலுக்குப் போனா ஆறு பேருக்கும் நான் ஒருத்தி என்னங்க பண்ணுவேன்? உங்க ரெண்டும் அந்த ஆறுலதானுங்க இருக்குது." குழந்தை விழுந்துவிடாமல் இறுக்கிக்கொண்டேன்.

அவர் குனிந்து அந்த ஊக்குச் செருப்பை மட்டும் தனியே எடுத்து வைத்தார். அப்புறம், "நீ ஊட்டுக்குப் போ சாமி. அவன் இனிமே இதுல இல்ல" என்றார்.

அங்கே கொடிக்காலில் ஆறு ஆம்பிளைகள் சித்திரை வெயிலில் வரப்பு மண் சுட்டுத் தத்தித் தத்திச் செருப்புத் தேடியிருக்கிறார்கள். ஊரை மிரட்டுகிறவர்கள்! பொழுது சாய்வதற்குள் டியூப்புகள் போய்விட்டன. என் வீட்டுக்காரர் கொப்புளக் காலோடு வந்து இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் சோற்றைப் பிசைந்துகொண்டே, "எங்கண்ணங்கிட்ட முடியாதுன்னு சொல்ல எனக்கு வாயே வல்ல. நீ சொல்லிப்போட்ட" என்றார். அதற்கு மேல் நான் என்ன கேட்க?

மச்சாண்டார் உடனே திருந்தவில்லை. பொய் சொல்ல மாட்டேன். இரண்டு வருசம் கழித்துப் பிடிபட்டு உள்ளே போனார். அவர் வருகிற வரைக்கும் பிள்ளைகளை நாங்கள் இருவரும் சேர்ந்து படிக்க வைத்தோம். வந்தவர் ரோட்டோரம் பஞ்சர் கடை போட்டார். டியூப்பை மட்டும் அந்த மனுசன் விடவேயில்லை என்று என் வீட்டுக்காரர் சிரிப்பார். மகள் நர்சு வேலைக்குப் போன அன்று, கடையைப் பூட்டிவிட்டு வந்து என் கையால் காப்பி வாங்கிக் குடித்தார், நேருக்கு நேராக.

இப்போது அண்ணனும் தம்பியும் இல்லை. கொடிக்கால் போய் வாழை வந்துவிட்டது. அகத்தி மரம் பார்க்க அடுத்த ஊருக்குத்தான் போக வேண்டும். அதற்கெல்லாம் வருத்தம் உண்டு. ஆனால் கதவுக்குப் பின்னால் நிற்கிற வழக்கமும் அதோடு போனது, அதற்கு ஒரு சொட்டு வருத்தம் கிடையாது. என் சின்ன மருமகள், தன் மச்சாண்டாரான என் பெரிய மகனைப் பார்த்து, "ஏனுங்க மாமா, மோட்டார நீங்களே ஓட்டிக்கிட்டா எங்க வாழைக்கு நாங்க குடத்துலீங்களா ஊத்தறது?" என்று நேராகக் கேட்கிறாள். அவன் தலையைச் சொறிந்துகொண்டு சுவிட்சை அணைக்கிறான்.

ஏன் சாமி, எழுதறத நிறுத்திப்போட்ட? உங்கம்மாளப் பெத்த அப்பிச்சி கதைதான். உங்கம்மாளுக்கும் தெரியும். எங்க, மொதல்ல இருந்து படி பாக்கலாம். மச்சாண்டார்னு வர்ற எடத்துல மட்டும் கொரலத் தாழ்த்தாமப் படி.