மெஷின்ஸ் லேபில் ஒரு சனிக்கிழமை

இதை நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் சுகாசினி கதை கட்டுகிற பெண் இல்லை. மின் பொறியியல் படித்தவள், அதையே பாடம் நடத்துகிறவள். காரணம் இல்லாமல் ஒரு பல்புகூட எரியாது என்று வகுப்பில் சொல்கிறவள். அவளுக்கு நடந்தது இது.

காஞ்சிபுரத்துக்கு வெளியே உள்ள ஒரு பல்கலைக்கழகம். அதன் மின் பொறியியல் துறைக்கு அது ஐம்பதாவது ஆண்டு. துறையின் வரலாற்றை மலராகப் போட முடிவு செய்தார்கள். எழுதும் வேலை புதிதாகச் சேர்ந்த சுகாசினியின் தலையில் விழுந்தது. முதல் பேட்ச், முதல் கம்ப்யூட்டர், முதன்முதலில் சேர்ந்த பெண்கள்... எல்லாவற்றையும் சேர்த்துவிட்டாள். பழைய மெஷின்ஸ் லேபின் படம் மட்டும் பாக்கி. ஒரு காலத்தில் மாணவர்கள் மோட்டார் ஓட்டிப் பழகிய கூடம். புதுக் கட்டடம் வந்தபின் பூட்டியே கிடக்கிறது என்றுதான் அவளுக்குச் சொல்லியிருந்தார்கள்.

துறைத்தலைவர் ஜெயக்குமார் சாவியைத் தயங்கித்தான் கொடுத்தார்.

“வெளிய இருந்தே எடுத்துக்கக் கூடாதாம்மா?”

“உள்ள பழைய மோட்டாருங்க இருக்குதாமே சார்.”

அவர் மேஜைக் காகிதங்கள் பக்கம் திரும்பிவிட்டார்.

சனிக்கிழமை. சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். வளாகத்தில் ஆள் நடமாட்டம் இல்லை. கதவைத் தள்ளியதும் மோட்டார் கம்பிச் சுருளின் வார்னிஷ் கருகிய வாடை அடித்தது. பூட்டிக் கிடந்த இடத்தில் புதிதாகக் கருகிய வாடை எப்படி? பழைய சாமான்தானே என்று உள்ளே போனாள். தரையெல்லாம் மாவு தூவினதுபோல் தூசி.

ஒரு மோட்டாரின் மேல் கை வைத்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. ஜன்னல் வெயில் பட்டிருக்கும் என்று நினைத்தாள். திரும்பிப் பார்த்தாள். அந்தப் பக்கம் ஜன்னலே இல்லை.

சுவரோரம் பெரிய ஸ்விட்ச் பலகை. அதில் வரிசையாகப் பித்தளை முனைகள். துடைத்தால் படத்தில் பளிச்சென்று விழும். மெயின் கைப்பிடியைப் பார்த்தாள். கீழே இறங்கியிருந்தது. ஆஃப். கர்சீப்பை எடுத்துக்கொண்டு கையை நீட்டினாள்.

“மேடம்... தொடாதீங்க.”

கை அப்படியே நின்றது.

கூடத்தின் கோடியில் ஒரு பையன். காக்கிக் கோட்டு. மாணவர்கள் இப்போது நீலக் கோட்டுதான் போடுகிறார்கள்.

“ஆஃப்லதானேப்பா இருக்குது?”

“கைப்பிடி மட்டும்தான் மேடம் கீழ இருக்குது. உள்ள ஒரு தகடு ஒட்டிக்கினு இருக்குது. டெஸ்டர் வெச்சுப் பாருங்க.”

பையிலிருந்து டெஸ்டரை எடுத்து முனையில் வைத்தாள்.

டெஸ்டருக்குள் விளக்கு எரிந்தது.

வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். இன்னும் ஒரு விரற்கடை... அவ்வளவுதான்.

“நீ எந்த வருஷம்பா?”

“செகண்ட் இயர் மேடம். நீங்க கிளம்புங்க. இங்க தனியா நிக்காதீங்க.”

நன்றி சொல்ல நிமிர்ந்தாள்.

யாரும் இல்லை.

தூசியில் ஒரே ஒரு ஜோடி செருப்புத் தடம்.

அவளுடையது.

ஓடினாள்.

ஜெயக்குமார் வீட்டு வாசலில்தான் போய் நின்றாள். எல்லாவற்றையும் கேட்ட மனிதர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“லோகேஸ்வரன்” என்றார். “ஓரிக்கைப் பையன். அவங்க தெருவுலயே மொத மொத இன்ஜினியரிங் படிக்க வந்தவன். கைப்பிடி கீழ இருக்குதுன்னு நம்பித்தாம்மா தொட்டான். அன்னிக்குப் பூட்டின ரூம் அது. லைனைக்கூட யாரும் வெட்டி விடல.”

“மலர்ல அவன் பேரே இல்லையே சார்?”

“விழா மலர்ல சாவ எப்படிம்மா போடறது?”

“அவன் சத்தம் போடலைன்னா இன்னிக்கு என் சாவையும் போட்டிருக்க மாட்டீங்க சார்.”

அவர் தலை குனிந்துகொண்டார். மறுநாள் காலையில் அவரே ஆளோடு வந்து நின்று மின்இணைப்பை வெட்ட வைத்தார். ஸ்விட்ச் பெட்டிக்குள் ஒரு தகடு உருகி ஒட்டிக் கிடந்தது. “அவங்க அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கினு எழுதும்மா” என்றார்.

அன்று பிற்பகலே சுகாசினி ஓரிக்கைக்குப் போனாள். லோகேஸ்வரனின் அம்மா அங்கம்மாள் தனியாக இருந்தார். கணவர் எப்போதோ போய்விட்டார். வேறு பிள்ளைகள் இல்லை. வரலாறு எழுதுவதைச் சொல்லி, மகன் பெயரைப் போடலாமா என்று மட்டும்தான் சுகாசினி கேட்டாள். லேபில் நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. பெற்ற வயிற்றிடம் அதை எப்படிச் சொல்வது?

“போடுங்கம்மா. இத்தினி வருஷத்துல யாரும் வந்து கேட்டதில்ல” என்று அங்கம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார். பிறகு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நேத்து லேப்ல இருந்த மேடம் நீங்கதானா?”

சுகாசினி மெதுவாகத் தலையசைத்தாள்.

“தெனமும் வெளக்கு வெக்கறதுக்கு முன்ன வந்துடுவான். நேத்து இருட்டினப்புறம்தான் வந்தான். ஏன்டா லேட்டுன்னு கேட்டேன். ‘ஒரு மேடம் தனியா உள்ள இருந்தாங்கம்மா. அவங்க பத்திரமா வீடு போய்ச் சேர்ற வரைக்கும் கூடவே போய்ட்டு வந்தேன்’னான்.”

வெளியே பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அங்கம்மாள் எழுந்து வாசல் கதவை அகலத் திறந்து வைத்தார்.

“நீங்க கிளம்புங்கம்மா. ஆளுங்க இருந்தா அவன் உள்ள வர மாட்டான்.”