காலிக் கடலுக்குக் காவல்

எந்தப் படகில் ஏறினாலும் சுக்கானை அடுத்தவர் கையில் கொடுக்க மாட்டார் என்பதால் அவருக்குச் சுக்கான் என்றே பெயராகிவிட்டது. அப்படிப்பட்டவர் மீன்பிடியை விட்டுவிட்டு, ஒன்றுமே இல்லாத கடலைச் சுற்றி வரும் வேலைக்குப் போனது வீட்டில் யாருக்கும் பிடிபடவில்லை.

கடலில் காற்றாலை நடப்போகிற கம்பெனி, கேபிளை மட்டும் முன்கூட்டியே கடலுக்கடியில் போட்டுவிட்டது. ஆலை வந்து சேரவில்லை. அதுவரை எந்தப் படகும் அங்கே நங்கூரம் போட்டுக் கேபிளை அறுத்துவிடாமல் சுக்கான் தன் படகில் காவல் இருக்க வேண்டும். நெருங்கி வருகிறவர்களை வயர்லெஸ்ஸில் எச்சரிக்க வேண்டும். பேச்செல்லாம் கரை அலுவலகத்தில் பதிவாகும். ஆகவே எழுதிக் கொடுத்தபடி, மரியாதையாகப் பேச வேண்டும்.

ஆனால் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கிற ஒரே ஆள் அவர் மனைவியின் தம்பி.

“நீங்கள் தடை செய்யப்பட்ட பகுதியை நெருங்குகிறீர்கள். படகின் பெயரைத் தெரிவிக்கவும்.”

“பேரா? நீங்கதானே மாமா பெயின்ட்ல எழுதினீங்க.”

“மாமா என்று அழைக்க வேண்டாம். எதற்காக வருகிறீர்கள்?”

“அக்கா சாப்பாடு குடுத்து விட்டுச்சு.”

சாப்பாடு வந்தால் என்ன சொல்வதென்று தாளில் இல்லை. சுக்கான் தாளின் அடுத்த வரிக்குப் போனார். “உடனே திரும்பிச் செல்லவும்.”

மச்சினன் திரும்பினான், சாப்பாட்டோடு.

“என் தம்பியை விரட்டி விட்டீங்களாமே?” என்றாள் மனைவி, அவர் வீட்டுக்குள் கால் வைத்ததுமே.

“படகைத்தான் விரட்டினேன்.”

“படகு தானா வந்துச்சா?”

அதன்பிறகு கொஞ்ச நாள் அவருக்குக் கடலில் பிஸ்கட்தான்.

அலுவலகத்திலோ ஒரே குதூகலம். காவல் வைத்ததற்கு முதன்முதலாக ஒரு பலன் கிடைத்திருக்கிறது. ஊடுருவல் இருக்கிற இடத்துக்கு ஒரு படகு போதாது என்று முடிவெடுத்த மேலாளர், இன்னொரு காவல் படகுக்கு ஆள் தேடினார். அந்தப் பகுதியில் அனுபவமுள்ளவன் என்று மச்சினனையே பிடித்துப் போட்டார். இப்போது இருவரும் எதிரெதிர்ப் பக்கமாகச் சுற்றி வந்தார்கள். வேறு ஆளே வராததால், எதிர்ப்படும்போதெல்லாம் பழக்கம் விட்டுப்போகாமலிருக்க ஒருவரையொருவர் எச்சரித்துக்கொண்டார்கள்.

ஒரு காலையில், கவிழ்த்துப் போட்ட மேசை மாதிரி நான்கு கால்களை வானத்தைப் பார்க்க நீட்டிக்கொண்டு பெரிய கப்பல் ஒன்று வந்தது. மேல்தளத்தில் தெரு நீளத்துக்கு இறக்கைகள் படுத்திருந்தன. யாரை உள்ளே விடலாம் என்று அலுவலகம் முன்கூட்டியே அனுப்பிவைக்கும் அன்றைய அனுமதிச் செய்தியைச் சுக்கான் பார்த்தார். அந்தக் கப்பலின் பெயர் இல்லை.

வயர்லெஸ்ஸை எடுத்து, எழுதிக் கொடுத்ததைச் சொன்னார்.

“காற்றாலையே எங்ககிட்டதாங்க இருக்கு. ஒரு நாள் முந்தி வந்துட்டோம்,” என்றார் கப்பல் கேப்டன்.

“இருக்கலாம். அனுமதி இல்லை.”

மச்சினன் தன் சின்னப் படகைக் கப்பலின் மூக்குக்கு நேரே கொண்டுபோய் நிறுத்தினான். கப்பல் நின்றது. கேப்டன் அலுவலகத்தைக் கூப்பிட்டுப் பார்த்தார். விடுமுறை நாள், யாரும் எடுக்கவில்லை. சாயங்காலம்தான் மேலாளரின் குரல் வந்தது.

“ஏங்க, யாரைத் தடுத்து வச்சிருக்கீங்க தெரியுமா?”

“யாரையும் விடாதீங்கன்னீங்க, சார்.”

“யாரையும்னா இவங்களையுமா?”

“இவங்க வருவாங்கன்னு இன்னைக்குச் செய்தியில இல்லையே, சார்.”

மேலாளர் திட்டினார், பாராட்டினார், மறுபடியும் திட்டிவிட்டு வழிவிடச் சொன்னார். வேலை போனதென்றே நினைத்துச் சுக்கான் ஒதுங்கினார்.

கப்பல் அந்த நான்கு கால்களையும் கடலடி வரை இறக்கி ஊன்றி, தண்ணீரை விட்டு மெல்ல மேலே எழும்பியது. கப்பல் கடலை விட்டு எழுந்து நிற்பதை அவர் வாழ்நாளில் கண்டதில்லை. தன்னையறியாமல் சுக்கானிலிருந்து கையை எடுத்துவிட்டார். படகு தன் போக்கில் போய் மச்சினன் படகில் இடித்தது.

“வேலை போச்சா?” என்றாள் மனைவி, தட்டை வைத்தபடி.

“இல்லையாம். கடைசி ஆலையை நடுற வரைக்கும் ரெண்டு பேரும் இருக்கணுமாம்.”

“அப்படி எத்தனை நடுறாங்க?”

“கேக்கல,” என்று சொல்லிவிட்டுச் சுக்கான் சாப்பிட உட்கார்ந்தார்.